கத்திக் கடை, பெஸ்தாரி ஜெயா: உளியும் சாணைக்கல்லும்

பாமாயில் தருகிற செம்பனையில் குலை வெட்ட உளியோ அரிவாளோ வாங்கப் போகிறவர்கள் பெஸ்தாரி ஜெயா கத்திக் கடைக்குத் தாராளமாகப் போகலாம், ஆனால் அவசரத்தோடு போகாதீர்கள். என் தம்பி மனைவி மத்தியானம் பழம் ஏற்ற லோரி வருவதற்குள் சாணை பிடித்துக்கொண்டு வந்துவிடலாம் என்று போனாள், அங்கே முன்னால் ஆறு பேர் காத்திருந்ததைப் பார்த்துவிட்டு ஆத்திரத்தோடு திரும்பி வந்தாள். "இந்தக் காலத்துல ஒரு மெஷின் வாங்கிப் போட மாட்டாரா அக்கா அந்த மனுஷன்?" என்று கேட்டாள். அவளுக்குப் பதில் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். மெஷின் வாங்கினார். அந்தக் கதையும் வரும்.

மலேசியாவில் சிலாங்கூரில் இருக்கிற எங்கள் ஊருக்கு 2007-ல் பெயர் மாற்றினார்கள், ஆனால் எங்களுக்கு இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான். கடைக்கு அந்த வம்பே இல்லை, பெயர்ப்பலகையே கிடையாது. பழைய கடை வரிசையில் கடைசிக் கதவு, வாசலில் நீளக் கம்பங்கள் சாய்த்து வைத்திருக்கும், யாரைக் கேட்டாலும் கத்திக் கடை என்று கை காட்டுவார்கள். கடைக்காரரின் அப்பா ஒரு தோட்டத்துப் பட்டறையில் கொல்லு வேலை செய்தவர், தோட்டம் கைமாறி ஆட்களைக் கலைத்தபோது டவுனுக்கு வந்து இந்த இடத்தைப் பிடித்தார். இப்போது மகன் நடத்துகிறார், அவருக்கும் அறுபதை நெருங்குகிறது.

நான் வாங்கியது குட்டை மரத்துக்கான உளி. ஈஜோக் பக்கம் எங்களுக்கு இரண்டு ஏக்கர் இருக்கிறது, பழைய மரத்தையெல்லாம் சாய்த்துவிட்டு மறுநடவு செய்து ஆறு வருடம் ஆகிறது. கடைக்குள் போனதும் எவ்வளவு விலையில் வேண்டும் என்று அவர் கேட்கவில்லை, மரத்துக்கு என்ன வயது என்று கேட்டார். சொன்னேன். "யாரு வெட்டப் போறது?" என்றார். நான்தான் அண்ணே என்றேன். சில கடைகளில் இந்த இடத்தில் ஒரு சிரிப்பு வரும், இல்லையென்றால் வீட்டுக்காரர் வரவில்லையா என்று ஒரு கேள்வி வரும். இவர் இரண்டும் செய்யாமல் உள்ளே போய், உளிக்குக் காம்பாக மாட்டுகிற ஒரு இரும்புக் குழாயை எடுத்து வந்து என் கையில் கொடுத்து, சுவரில் சுண்ணாம்பால் போட்டிருந்த கோட்டைக் காட்டி, அங்கே ஒரு மட்டை இருப்பதாக நினைத்துத் தள்ளு என்றார்.

தள்ளினேன். "கையால தள்ளாத தங்கச்சி. இடுப்புலேர்ந்து வரணும்." மறுபடி தள்ளினேன். மூன்றாவது தடவை குழாயின் பின்முனை என் விலா எலும்பில் இடிப்பதை அவரே பார்த்துவிட்டார், வாங்கி நாலு விரல்கடை அறுத்து எடுத்தார், அறுத்த முனையை அரம் போட்டு மழுக்கி, மேலே பழைய மோட்டோ டியூப்பிலிருந்து வெட்டிய ரப்பர் நாடாவை இழுத்து இழுத்துச் சுற்றினார். உளி நாற்பத்தைந்து வெள்ளி (ரிங்கிட்), குழாய் முப்பது, சுற்றியதற்குக் காசு வாங்கவில்லை. நாலு விரல்கடை என்பது கேட்கும்போது ஒன்றுமில்லை. ஒரு நாளைக்கு அறுபது எழுபது குலை வெட்டிய பிறகு தோள்பட்டையில் அதன் அருமை தெரியும். முன்பு வேறொரு ஊரில் பெரிய இரும்புச் சாமான் கடையில் வாங்கிய உளி என் தம்பியின் உயரத்துக்கு ஏற்றது. அதை வைத்துக்கொண்டு இரண்டு வருடம் நான்தான் சரியாக வெட்டத் தெரியாதவள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லை, குழாய் நீளம்.

மரத்தின் வயதை ஏன் முதலில் கேட்கிறார் என்று செம்பனை வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நட்டு மூன்று வருடத்தில் பழம் வெட்ட ஆரம்பிக்கலாம், அப்போது குலை முழங்காலுக்கும் இடுப்புக்கும் நடுவில் இருக்கும், உளியால் குத்தித் தள்ளினால் போதும். மரம் தலைக்கு மேலே போன பிறகு உளி உதவாது, கம்பத்தின் நுனியில் வளைந்த அரிவாளைக் கட்டி இழுக்க வேண்டும். இருபது வயதைத் தாண்டிய மரத்தில் அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும், அந்த உயரத்தில் ஆடுகிற கம்பத்தைப் பிடித்துக் குறி பார்த்து இழுப்பதற்கு இளம் தோள் வேண்டும். இருபத்தைந்து வருடத்தை ஒட்டி மரத்தைச் சாய்த்துவிடுவதற்கு விளைச்சல் குறைவது ஒரு காரணம் என்றால், எட்டாத உயரம் இன்னொரு காரணம். ஆக மரம் உயர உயர அதன் கீழே நிற்கிற ஆள் மாறிக்கொண்டே போகிறான். குட்டை மரத்தில் என்னைப் போல ஐம்பது வயதுப் பெண்ணும் வெட்டலாம். பெரிய மரத்துக்கு வங்காளதேசத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வந்த இருபத்தைந்து வயதுப் பையன்கள். இந்தக் கடை வாசலில் யார் எந்தக் கருவியோடு நிற்கிறார்கள் என்று பார்த்தாலே சுற்றுவட்டாரத் தோட்டங்களில் எந்த மரத்துக்கு என்ன வயது என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

கடையின் உள் சுவரை நிதானமாகப் பாருங்கள், அதுவும் ஒரு காரணம் இங்கே போவதற்கு. மேல் வரிசையில் ரப்பர் மரத்தில் பால் வெட்டும் கத்திகள், பத்துப் பன்னிரண்டு, விற்காமல் தொங்குகின்றன. நுனி மடிந்து, பட்டையில் மெல்லிய சீவலை மட்டும் எடுக்கிற மாதிரி இருக்கும். கொஞ்சம் ஆழமாகப் போனால் மரத்துக்குக் காயம், காயம் பட்ட இடத்தில் முண்டு கட்டும், அப்புறம் தோட்டத்துக் கணக்கர் கிராணியிடம் ஏச்சு. என் அம்மா முப்பது வருடம் அந்தக் கத்தியைப் பிடித்தவர். அவர் கத்தியை வேறு யாரும் தொட விடமாட்டார், ஒவ்வொருவர் கை வாட்டத்துக்கும் பிடி தேய்ந்திருக்கும்.

அம்மாவின் வாழ்க்கைக்கு நேரம் வைத்தது அந்த மரம். விடியற்காலைக் குளிரில் மரத்துக்குள் அழுத்தம் அதிகமாக இருக்கும்போதுதான் பால் நன்றாக ஓடும், வெயில் ஏறினால் ஓட்டம் குறைந்துவிடும். அதனால் நாலு மணிக்கு எழுந்து, சோறு வடித்து, பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டு, இருட்டோடு பெரட்டுக்கு, அதாவது பெயர் கூப்பிடுகிற இடத்துக்கு, போய் நிற்க வேண்டும். மழை பெய்தால் பட்டை நனைந்து பால் மங்கு என்கிற கிண்ணத்துக்குள் விழாமல் மரத்தைச் சுற்றி வழிந்துவிடும், அன்று வெட்டு இல்லை, சம்பளமும் போச்சு. ஆனால் எங்கள் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், பெண் பார்த்தது, வட்டிக் கணக்குத் தீர்த்தது, சண்டை போட்டது, சமாதானம் ஆனது, பாதிக்கு மேல் மழை நாளில்தான் நடந்தது, ஏனென்றால் மற்ற நாளில் ஆளே கிடைக்காது. 1877-ல் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்த வெறும் 22 கன்றுகளிலிருந்து பெருகிய மரம், அந்த மரம் தூங்குகிற நேரமும் பால் விடுகிற நேரமும் எத்தனை லட்சம் தமிழ்க் குடும்பங்களின் சாப்பாட்டு நேரமாக ஆகியிருக்கிறது என்று அந்தக் கத்திகளைப் பார்க்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இதை ஆண்கள் அதிகம் கவனித்த மாதிரி தெரியவில்லை. பால் மரத்தில் ஒரு மரத்துக்கு ஒரு ஆள் போதும். அப்பாவுக்கு ஒரு நிரை, அம்மாவுக்கு ஒரு நிரை. பெரட்டில் அம்மா பெயரைத் தனியாகக் கூப்பிடுவார்கள், பால் நிறுக்கும்போது அம்மா கணக்கு தனி, சம்பள நாளில் அம்மா கையெழுத்து தனி. தோட்டம் செம்பனைக்கு மாறியதும், குலை வெட்டுவது ஒருவர், கீழே சிதறிய உதிரிப் பழத்தைப் பொறுக்குவது இன்னொருவர் என்று வேலை இரண்டானது. வெட்டுகிறவர் பெயரில்தான் குலைக் கணக்கு. எங்கள் தோட்டத்தில் பெண்கள் பலர் புருஷனுக்குப் பின்னால் கூடையோடு குனிந்து நடக்கிற ஆளாக மாறினார்கள். அம்மாவும் கொஞ்ச நாள் அப்படி நடந்தார். "என் பேரக் கூப்பிட்டு எவ்வளவு நாளாச்சு" என்று ஒருநாள் அடுப்படியில் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

அந்தச் சுவரிலேயே மூலையில் ஒரு நீளத் தகரக் குழாய் தொங்கும், நுனியில் ரப்பர் உருண்டை. விலைக்கு இல்லை. கேட்டால் கதை சொல்வார். செம்பனையில் ஆண் பூக்குலை தனி, பெண் பூக்குலை தனி. காற்றே மகரந்தத்தைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும் என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தார்கள், ஆனால் இங்கே காய் சரியாகப் பிடிக்கவில்லை, அதனால் தோட்டங்களில் ஆள் வைத்து மகரந்தத்தை மாவோடு கலந்து பெண் பூவின் மேல் ஊதச் சொன்னார்கள். அந்த வேலைக்குப் போனவர்களில் பெண்கள் நிறைய. என் பெரிய அத்தை போயிருக்கிறார். மட்டை முள்ளில் கை கிழியும், ஆனாலும் தனிச் சம்பளம். கடைக்காரரின் அப்பா தகரத்தை ஒட்டி இந்த ஊதுகுழல்களைச் செய்து கொடுத்துக்கொண்டிருந்தார். அப்புறம் 1981-ல் கேமரூனிலிருந்து ஒரு வண்டைக் கொண்டுவந்து ஜோகூரில் விட்டார்கள். ஒரு அரிசி நீளம்கூட இருக்காது. செம்பனையின் ஆண் பூவில் முட்டையிட்டு, பெண் பூவுக்கும் போய் வருகிற வண்டு. கொஞ்ச காலத்தில் நாடு முழுக்கப் பரவியது, காய் பிடித்தது, குலை கனத்தது. ஊதுகுழலுக்கு ஆர்டர் நின்றது. அத்தையின் வேலையும் நின்றது. அந்த வண்டு இன்றைக்கு என் இரண்டு ஏக்கரில் காசு வாங்காமல் வேலை செய்கிறது, அதன் தயவில்தான் என் குலைக்குக் காய் பிடிக்கிறது, அதையும் மறைக்கவில்லை.

இனி சாணைக்கல். கடையின் உயிர் அதுதான். வாசலுக்கு உள்ளே இடது பக்கம், காலால் மிதித்துச் சுற்றுகிற பெரிய வட்டக் கல், மேலே மைலோ டின்னில் ஆணியால் ஓட்டை போட்டு நூல் திரி விட்டிருப்பார், சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் இறங்கும். ஒரு அரிவாளுக்கு இருபது நிமிடம். அவசரப்படுத்தினால் காதில் விழாத மாதிரி இருப்பார். சில வருடங்களுக்கு முன்னால், இதே அவசரக்காரர்கள் பேச்சைக் கேட்டு மின்சாரச் சாணை வாங்கினார். தீப்பொறி பறக்கும், அஞ்சே நிமிடம். மூன்றாம் நாளே வெட்டுகிறவர்கள் திரும்பி வந்தார்கள், முனை நிற்கவில்லை, மடிகிறது என்று. சூட்டில் இரும்பு நீலம் பாய்ந்துவிட்டால் அதன் உறுதி போய்விடும், ஈரக்கல்லில் அந்தச் சூடு ஏறாது. அப்படி எட்டு மாதம் பார்த்துவிட்டு மெஷினை ஓரம் கட்டினார், இப்போது குழாய் அறுக்க மட்டும்.

ஆனால் அந்த எட்டு மாதத்தில் நடந்த இன்னொன்றை அவர் சொல்லித்தான் நான் யோசித்தேன். வந்தவர்கள் யாரும் மோட்டோவின் இன்ஜினையே அணைக்கவில்லையாம். கொடுத்தார்கள், வாங்கினார்கள், போனார்கள். பெஞ்சு காலியாகவே கிடந்ததாம்.

அந்தப் பெஞ்சில் நாலு பேர் நெருக்கி உட்காரலாம். அதற்கு முன்னால் ஒரு மணல் தொட்டி, கொண்டுவந்த அரிவாள், உளி எல்லாவற்றையும் முனை கீழாக அதில் குத்தி வைத்துவிட வேண்டும், அது கடைச் சட்டம். கையில் கத்தி இருக்கும்போது யாரும் பேச்சை வளர்க்க மாட்டார்கள், ஒருவருக்கொருவர் ஒரு கஜம் தள்ளியே நிற்பார்கள். தொட்டியில் வைத்த பிறகு கை சும்மா இருக்கிறது, இருபது நிமிடம் இருக்கிறது, பக்கத்தில் ஒரு ஆள் இருக்கிறார். பழத்தை நிறுத்து வாங்குகிற ரேம்ப்புகளில் எதில் தராசு நேராக நிற்கிறது என்பதை நான் அந்தப் பெஞ்சில்தான் தெரிந்துகொண்டேன். நான் அதுவரை போட்டுக்கொண்டிருந்த இடத்தில் ஒவ்வொரு தடவையும் எனக்குக் கிலோ குறைந்துகொண்டிருந்தது. வெட்டிய பழத்தை 24 மணி நேரத்துக்குள் ஆலையில் சேர்க்கவில்லையென்றால் எண்ணெயில் புளிப்பு ஏறித் தரம் இறங்கிவிடும், அதனால் எங்களைப் போன்ற சின்னத் தோட்டக்காரர்களுக்கு லோரி ஒரு பெரிய பாடு. மூன்று பேர் சேர்ந்து ஒரே நாளில் வெட்டி ஒரே லோரியில் ஏற்றலாம் என்று நாங்கள் பேசி முடித்ததும் அங்கேதான். அதில் ஒருவர் சீன அம்மா, ஒருவர் மலாய்க்காரர், மூன்று பேருக்கும் வீடு ஒரே ரோட்டில், அதுவரை தலையசைப்போடு சரி. ஒரு வங்காளதேசத்துப் பையனுக்குக் கையில் முள் குத்திச் சீழ் பிடித்திருந்தது, பெஞ்சில் பக்கத்தில் இருந்த பெரியவர்தான் பார்த்துவிட்டு கிளினிக்குக்கு அவரே மோட்டோவில் கூட்டிப் போனார், அரிவாள் கல்லில் இருந்தபடி இருந்தது.

என் மூத்தவள் பல்கலைக்கழகத்தில் புவியியல் படிக்கிறாள். விடுமுறையில் வந்தபோது அவளையும் கூட்டிப் போயிருந்தேன், அரை மணி நேரம் கல்லையும் பெஞ்சையும் பார்த்துவிட்டு, "அம்மா, மனிதப் புவியியல்ல எங்களுக்கு ஒரு பாடமே இதுதான்" என்றாள். முன்பெல்லாம் மனிதர்கள் கூடி வாழ்வதைப் பற்றி எழுதும்போது மரம், கல், பூச்சி, மழை எல்லாவற்றையும் பின்னால் மாட்டிய திரைச்சீலை மாதிரி வைத்துவிட்டு எழுதினார்களாம். சில பத்தாண்டுகளாக, அவையும் காரியம் செய்கின்றன, யார் யாரோடு சேர வேண்டும், எப்போது, எவ்வளவு நேரம் என்பதில் அவற்றுக்கும் கை இருக்கிறது என்று ஆராய்ச்சி செய்கிறார்களாம். எனக்கு அது பிடித்திருந்தது. ஆனால் ஒன்றைச் சொன்னேன். எல்லாம் மரம் செய்தது, வண்டு செய்தது என்று எழுதி வைத்தால் முதலாளி நழுவிவிடுவான். பால் மரத்தைச் சாய்த்துச் செம்பனை நட முடிவு செய்தது மரம் இல்லை. குலைக் கணக்கைப் புருஷன் பெயரில் மட்டும் எழுதியது வண்டு இல்லை, ஆபீசில் பேனா பிடித்த கை. அவள் சிரிக்கவில்லை, அந்தத் துறையிலேயே இந்தச் சண்டை நடக்கிறது என்றாள். 1917-ல் இந்த ஊருக்குப் பக்கத்தில் தென்னமரம் தோட்டத்தில்தான் ஒரு பிரெஞ்சுக்காரர் நாட்டிலேயே முதன்முதலாக வியாபாரத்துக்கென்று செம்பனை நட்டார் என்பதை அவளுக்கு நான் சொன்னேன். தான் தினமும் கடந்து போன இடம் என்று அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை.

சரி, கடைக்கு வருவோம். அலுமினியக் கம்பம் வாங்குகிறவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. மூங்கிலை விட அது லேசு, நேராக நிற்கும், நீட்டிக்கொள்ளலாம், எல்லாம் நல்லதுதான். ஆனால் மேலே போகிற மின்கம்பியில் பட்டால் பிடித்திருப்பவர் உயிர் போய்விடும். இவர் நீளக் கம்பம் கேட்டால் உங்கள் நிலத்தில் கம்பி போகிறதா என்று கேட்காமல் விற்பதில்லை, போகிறது என்றால் எந்த வரிசை மரத்தை விட்டுவிட வேண்டும் என்று காகிதத்தில் படம் போட்டுக் காட்டிவிட்டுத்தான் காசை வாங்குவார். வெளிநாட்டுப் பையன்களுக்கும் அதே படம், அதே பொறுமை, பாதி மலாய், பாதி சைகை. இதற்காகவே நான் ஐந்துக்கு ஐந்து கொடுப்பேன்.

அரை மதிப்பெண்ணைக் குறைத்திருக்கிறேன், காரணம் சொல்கிறேன். ரசீது கிடையாது, கேட்டால் பழைய காலண்டர் தாளில் எழுதித் தருவார், கணக்குக் காட்ட வேண்டியவர்களுக்கு உதவாது. என் குழாயில் உளியை இறுக்கும் வளையம் மூன்றே வாரத்தில் தளர்ந்துவிட்டது, போய்ச் சொன்னதும் மறுபேச்சில்லாமல் மாற்றிக் கொடுத்தார், ஆனாலும் முதலிலேயே சரியாக இருந்திருக்க வேண்டும். பெண்களுக்குக் கையுறை அளவு வைத்திருப்பதில்லை, வைக்கச் சொல்லியிருக்கிறேன். பெஞ்சில் இடம் கிடைக்காத ஐந்தாவது ஆள் வெயிலில்தான் நிற்க வேண்டும், ஒரு தகரம் நீட்டினால் போதும், இன்னும் நீட்டவில்லை.

காலை ஏழரைக்குத் திறப்பார், ஞாயிறு அடைப்பு. தோட்டத்தில் சம்பளம் போட்ட மறுநாள் போகாதீர்கள், பத்துப் பேருக்குக் குறையாது. சாணை மட்டும் என்றால் ஐந்து வெள்ளி. பிடி சுற்ற வேண்டும் என்றால் வீட்டில் கிடக்கிற பழைய மோட்டோ டியூப்பைக் கொண்டுபோங்கள், புது ரப்பரை விட அது நன்றாகப் பிடிக்கிறது என்கிறார், என் அனுபவத்திலும் அப்படித்தான்.

நாளைக் காலை தம்பி மனைவியை நானே கூட்டிப் போகிறேன். அரிவாளைத் துணியில் சுற்றி, டியூப் ஒன்றையும் எடுத்து வாசலில் வைத்துவிட்டேன். லோரிக்காரருக்கும் போன் செய்து மூன்று மணிக்கு வந்தால் போதும் என்று சொல்லியாயிற்று.